மலைக்காட்சியும் மனமகிழ்வும்: சதுரகிரிச் சாரலை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

திருச்சிற்றம்பலம்

மலையைக் கண்டவழி மனம் மகிழ்கின்றது. அருவியின் ஒலி கேட்டவழி நெஞ்சின் வெம்மை தணிகின்றது. இஃது எல்லார்க்கும் அநுபவமாயுள்ளதோர் உண்மை. இதற்குச் சான்று தேடவேண்டுவதின்று. ஆயினும் அம்மகிழ்ச்சி மலையின்கண் உள்ளதோ, காண்பான் உள்ளத்தின்கண் உள்ளதோ, இரண்டற்கும் வேறாய பிறிதொன்றன்கண் உள்ளதோ என வினாவுவார் சிலரே. மலையின்கண் உள்ளதாயின், மலைக்கு அணியராய் வாழ்வார் யாவரும் மகிழ்வுடையராதல் வேண்டும். அங்ஙனம் இன்மை கண்கூடு. உள்ளத்தின்கண் உள்ளதாயின், மலையை நாடிச் செல்லவேண்டுவதே இல்லை. ஆடி அமாவாசையிற் சதுரகிரிக்குத் திரளும் பெருங்கூட்டம் அதனை மறுக்கும். ஆகலின் இவ்வினாச் சித்தாந்த நூல்வழி நின்று ஆராய்தற்குரியதாயிற்று. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் என்னும் ஈரூர்களையும், அவற்றின் மேற்கே மதில்போல் நிற்கும் மலைத்தொடரையும் நிலைக்களனாகக் கொண்டு அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

நிலமும் அதன் வரலாறும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சாரலை அடுத்திருப்பன இவ்வீரூர்கள். மலையின் மேல்பால் மலையாள நாட்டிலே தென்மேற்குப் பருவமழை பெரிதும் பொழியும்; கீழ்பாலோ மழைமறைவில் அகப்பட்டு வறட்சியுறும். ஊரினின்று கிழக்கே செல்வார் கரிசல் நிலத்தை அடைவர். கோடை நண்பகலில் அந்நிலத்திலே கானல் ஓடுவதைக் காணாதார் அவ்வூர்களில் இலர். மேற்கே செல்வாரோ சிறிது பொழுதிற்குள் மரநிழலையும் ஓடைநீரையும் அடைவர். வெம்மையும் தண்மையும் இங்ஙனம் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலம் இது. அருச்சுனாநதி முதலாக இப்பக்கத்து ஆறுகளுக்கு நீர் தருவன இம்மலையோடைகளே. ஆகவே மலை இவ்வூரார்க்குக் காட்சிப்பொருள் மட்டுமன்று; உயிர் தாங்கும் பொருளுமாம்.

திருவில்லிபுத்தூர் வேடர் குலத்து வில்லி என்பானால் காடு திருத்தி ஆக்கப்பட்டதென்பது தலவரலாறு. பெரியாழ்வார் நந்தவனம் வளர்த்து மாலை தொடுத்த ஊர் அஃது என்பதனையும், அந்நந்தவனத்துத் துளசியினடியில் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டார் என்பதனையும் வைணவ நன்மக்கள் போற்றுவர். சைவர்க்கு அவ்வூரின் சிறப்பு மடவார்வளாகத்து வைத்தியநாதப் பெருமான் திருக்கோயிலாம். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தமக்குற்ற வயிற்றுநோய் இப்பெருமான் சந்நிதியில் நீங்கப்பெற்றுத் திருப்பணி பல செய்தார் என்ப.

இராசபாளையம் பருத்தியாலும் பஞ்சாலையாலும் பெயர்பெற்றது. அங்கு முதற் பஞ்சாலை 1936-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆலையின் இரைச்சலிடையே உழைக்கும் அவ்வூர் மக்கள் ஓய்வுநாளில் நாடிச் செல்லும் இடம் மேற்கே மலையடிவாரத்தில் உள்ள அய்யனார் கோயில். அங்கு எழுந்தருளிய தெய்வத்தின் திருப்பெயர் நீர்காத்த அய்யனார் என்பது. அருவியும் ஓடையும் அருகிலுள்ளன. அம்மலைநீரே அணையில் தேக்கப்பட்டு ஊரார்க்குக் குடிநீராகின்றது. நீரைக் காத்தவர் எனத் தெய்வத்திற்குப் பெயரிட்டு வழங்கிய முன்னோர், நீரின் அருமையை எத்துணை ஆழ உணர்ந்திருத்தல் வேண்டும் என்பது கருதற்பாலது.

இவ்விரண்டூர்க்கும் வடமேற்கில், வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையை அடிவாரமாகக் கொண்டு உயர்ந்து நிற்பது சதுரகிரி. அதன்மேற் சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் என்னும் திருநாமங்களோடு பெருமான் எழுந்தருளியுள்ளார். பச்சைமால் என்னும் ஆயன் மேய்த்த பசுவின் பாலை உண்ட பெருமான், அவன் எறிந்த கோலின் வடுவை ஏற்றுச் சற்றே சாய்ந்த திருமேனியராய் விளங்குகின்றார் என்று தலவரலாறு கூறும். சித்தர்கள் உறையும் மலை என்பது நாட்டார் துணிபு.

இக்காடுகள் 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்திற்குப் பின்னர் அரசின் காப்புக்காடுகளாக வரையறுக்கப்பட்ட காடுகளின் வகையைச் சார்ந்தன. 1988-ஆம் ஆண்டில் சாம்பல்நிற மலையணிலின் பொருட்டு ஏறக்குறைய 480 சதுரக் கிலோமீட்டர் பரப்புச் சரணாலயமாக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் மேகமலைக் காடுகளும் உடன்சேர, 1,016 சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பினதாய்ப் புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டில் இஃது ஐந்தாவது.

இவ்வரலாற்றுள் ஒன்று காண்க. நந்தவனத்திற்கு ஓர் ஆழ்வார். நோய்க்கு ஒரு வைத்தியநாதர். நீருக்கு ஓர் அய்யனார். மலைக்கு ஒரு மகாலிங்கம். இவ்வட்டாரத்தில் இயற்கையும் இன்பமும் தெய்வமும் தனித்தனியே நிறுத்தப்படாமல் ஒருங்கே வைத்து எண்ணப்பட்டன. நாம் பின்னர்க் கூறும் முடிபினை இந்நிலம் முன்னரே வாழ்ந்து காட்டியதென்க.

மேலைநாட்டார் ஆராய்ச்சி

இனி, மேலைநாட்டு அறிஞர் இப்பொருள்பற்றிக் கண்டன சிலவற்றை நோக்குவாம். 1984-ஆம் ஆண்டில் உல்ரிச் என்பார் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையிற் பித்தப்பை நீக்கும் அறுவை செய்யப்பெற்றவருள், பலரொடு பலரை ஒப்புநோக்கி 23 இணைகளாக அவர் பிரித்தார். ஒரு பாலார்க்குச் சாளரத்தின்வழி மரங்கள் தோன்றின. மற்றொரு பாலார்க்குச் செங்கற்சுவரே தோன்றிற்று. மரங்களைக் கண்டோர் விரைவில் வீடு திரும்பினர். வலி தணிக்கும் வன்மருந்தும் அவர்க்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. மடவார்வளாகத்துப் பெருமான் வைத்தியநாதன் எனப் பெயர்பூண்டு மலைச்சாரலில் வீற்றிருத்தலை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

2004-ஆம் ஆண்டில் மேயர், பிரான்ட்ஸ் என்னும் இருவர், இயற்கையோடு ஒருவன் கொண்டுள்ள உறவுணர்ச்சியை அளத்தற்கு ஓர் அளவை வகுத்தனர். 2014-ஆம் ஆண்டில் கபால்டி முதலியோர், அதுகாறும் 8,000-க்கு மேற்பட்ட மக்களிடத்து நிகழ்ந்த ஆராய்ச்சிகளை ஒருங்குதிரட்டி, அவ்வுறவுணர்ச்சி மிக்கவர் மகிழ்ச்சியும் ஓரளவு மிக்கவராதலைக் கண்டனர். அத்தொடர்பு பெரிதன்று, ஆயினும் இல்லையென்று தள்ளத்தக்கதுமன்று. இரண்டும் உடனிகழ்தல் கொண்டு ஒன்று மற்றொன்றற்குக் காரணம் எனத் துணிதல் கூடாதென்பது அளவைநூல் அறிந்தார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் அவர் அளந்தது யாது என்பதனை உற்றுநோக்குக. ஒருவன் காட்டிற்கு எத்தனைமுறை சென்றான் என்பதனை அவ்வளவை வினாவவில்லை. தன்னை அவன் அவ்வியற்கையின் உறுப்பாக உணர்கின்றானா என்பதனையே வினாவிற்று. அடுத்திருத்தல் வேறு, சார்ந்திருத்தல் வேறு என்னும் நுட்பத்தினை அவரும் உணர்ந்தமை இதனால் விளங்கும்.

2015-ஆம் ஆண்டில் பிஃப் முதலியோர் செய்த சோதனையொன்றும் ஈண்டுக் கொள்ளத்தக்கது. கலிபோர்னியாவிலே நெடிதுயர்ந்த தைலமரச் சோலையொன்றில் மாணவர் சிலரை ஒரு நிமிடநேரம் அண்ணாந்து நோக்கச் செய்தனர். வேறு சிலரை ஒரு கட்டடத்தை நோக்கச் செய்தனர். பின்னர் ஒருவர் தற்செயலாய் விழுந்தனபோல எழுதுகோல்களைச் சிதறவிட, மரங்களை நோக்கினவரே மிகுதியாக எடுத்துக் கொடுத்தனர். பெரியதொன்றன் முன் நின்றவழி, யான் என்னும் முனைப்புச் சுருங்குகின்றது. சுருங்கவே பிறர்க்கு உதவும் நெகிழ்ச்சி தோன்றுகின்றது. இதனையே அவர் தம் ஆராய்ச்சியின் முடிபாகக் கொண்டனர். யான் என்னும் முனைப்பை நம் நூல்கள் எதன் காரியமாகக் கூறும் என்பதனைச் சைவ அன்பர் அறிவர்.

சித்தாந்தத்தின் விடை

இனி நம் சித்தாந்தம் கூறுமாறு காண்பாம். மலையும் காடும் மாயையின் காரியமாகிய புவனத்துள் அடங்கும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் மாயையினின்று தோற்றுவித்தல், ஆணவ இருளில் அழுந்திக்கிடக்கும் உயிர்க்கு அறிவும் செயலும் சிறிதேனும் விளங்குதற்பொருட்டேயாம். மாயையை இரவில் உதவும் விளக்கோடு ஒப்பிடுவர் உமாபதி சிவாசாரியர். ஆகலின் மலைக்காட்சியால் வரும் மகிழ்ச்சி, இருளில் உயிர்க்கு அளிக்கப்பட்ட ஒளிக்கீற்று எனலாம். அதனை வெறுத்தலும் முறையன்று. அதனையே ஞாயிறு எனக் கருதி அமைதலும் முறையன்று.

மலை சடம். சடத்திற்கு இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. ஆகவே இன்பம் மலையின் குணம் எனல் பொருந்தாது. உயிரோ சித்து, எனினும் தனித்து நில்லாது, சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு, தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, உயிர் இருளைச் சார்ந்தவழி இருளாயும் ஒளியைச் சார்ந்தவழி ஒளியாயும் நிற்கும். ஆகவே இன்பம் உயிரின்கண்ணே தானே முளைப்பது எனலும் பொருந்தாது. அது சார்பினால் விளங்குவது.

சார்பு எனவே அடுத்திருத்தல் மட்டும் போதாதென்பது பெற்றாம். ஒரே மலையை மூவர் காண்கின்றனர் எனக் கொள்க. மரம் திருடுவான் அங்கே விலைப்பொருளைக் காண்கின்றான். பொழுதுபோக்க வந்தான் தன் கேளிக்கைக்கு ஓர் அரங்கினைக் காண்கின்றான். அடியான் பெருமானின் திருமேனியைக் காண்கின்றான். மூவர் கண்களும் ஒருதன்மையன, மலையும் ஒன்றே. முன்னிருவரும் சார்ந்தது மலையை அன்று, எனது என்னும் செருக்கினையே. மலை அவர்க்கு அச்செருக்கின் கருவியாயிற்று. மூன்றாமவனே மலையின்வழி மலைக்கு உடையானைச் சார்ந்தான். கண் காண்பதற்கு உயிர் உடனின்று காட்டுதல் வேண்டும். உயிர் காண்பதற்குச் சிவம் உடனின்று காட்டுதல் வேண்டும் என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தின் கருத்து. ஆதலின் மலைக்காட்சியில் வரும் மகிழ்ச்சியின் முதல், காணப்படும் மலையுமன்று, காணும் உயிருமன்று, காட்டும் சிவமே என்பது துணிபு.

இதன்மேல் ஓர் ஆசங்கை எழும். பாசத்தைக் கானல்நீர் எனக் கண்டு நீங்குக என்று நூல்கள் விதிக்கின்றன. மலையும் பாசக்கூட்டத்துள் ஒன்றாகலின் அதன்கண் அன்பு வைத்தல் பந்தமாகாதோ எனின், ஆகாது. அவ்வாறு விதித்த ஒன்பதாஞ் சூத்திரமே, பாசத்தின் நீங்கினார்க்குப் பதி குளிர்ந்த நிழலாய் விளங்குமாற்றினையும் உடன் கூறுகின்றது. கானலும் நிழலும் இயற்கையிற் கண்ட பொருள்களே. கரிசற் காட்டில் நண்பகலிற் கானலைக் கண்டு ஏமாந்தவனுக்கும், மலையடியில் மரநிழலில் இளைப்பாறினவனுக்குமே அவ்வுவமை நன்கு புலனாம். விடவேண்டுவது பொருளின்மேல் நாம் ஏற்றிய யான் எனது என்னும் பற்று; பொருளன்று. இயற்கை, அருளைக் கற்பிக்கும் அரிச்சுவடியாகும். எழுத்தறிந்த பின்னர் அரிச்சுவடியைக் கடந்து செல்லலாம். அதனைக் கிழித்தெறிவார் இலர்.

நாவரசர் வரலாற்றிற் காணும் இரண்டு சான்றுகள்

இம்முடிபிற்கு ஆசிரியர் திருநாவுக்கரசர் வரலாற்றினும் சிறந்த சான்று வேறில்லை. பல்லவ மன்னன் ஆணையால் அப்பெருமான் நீற்றறையுள் ஏழுநாள் அடைக்கப்பட்டார். சுண்ணாம்பு வேகும் அவ்வெங்களத்தில் அவர் அருளிய திருக்குறுந்தொகையில், இறைவன் திருவடி நீழலுக்கு உவமையாக யாழிசையையும், மாலை நிலவையும், மெல்லிய காற்றையும், இளவேனிலையும், வண்டு சூழும் பொய்கையையும் எடுத்தார். இவற்றை ஐம்புல இன்பங்களாகக் கொண்டு விரிப்பாரும் உளர்.

ஈண்டு வினாவற்பாலது ஒன்று. நீற்றறையுள் நிலவு ஏது? தென்றல் ஏது? பொய்கைதான் ஏது? அவற்றுள் ஒன்றேனும் அவர்க்கு அருகில் இல்லை. இயற்கையை அடுத்திருத்தலே இன்பத்திற்குக் காரணமாயின், அவர் அன்று பெருந்துன்பமே உற்றிருத்தல் வேண்டும். அவரோ இன்புற்றிருந்தார். திருவடியைச் சார்ந்தமையின் நீற்றறையே குளிர்ந்தது. ஆயினும், அவ்வின்பத்தை உலகிற்கு உணர்த்தப் புகுந்தபொழுது நிலவையும் தென்றலையுமே அழைத்தார். ஏனெனின், அவற்றை அநுபவித்தறியாதார்க்குத் திருவடி இன்பத்தை உணர்த்த வேறு வழி அரிது. இயற்கை இன்பத்தின் எல்லையும் பெருமையும் ஒருங்கே இதனால் விளங்கின.

இரண்டாவது சான்று கயிலை யாத்திரை. முதுமைப் பருவத்திற் கயிலைமலையைக் காணும் வேட்கையால் வடதிசை சென்றார் நாவரசர். கால் தேய்ந்தது; கையால் தவழ்ந்தார்; மார்பால் உந்தினார்; உடம்பு முற்றும் ஓய்ந்தது. அந்நிலையில் முனிவராய் வந்த பெருமான் பணித்தவாறு ஒரு தடத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கே களிறும் பிடியும், சேவலும் பேடையும் என இணையிணையாய் வந்த உயிர்களையெல்லாம் அம்மையப்பராகக் கண்டு, முன் காணாதன கண்டதாகப் பதிகம் அருளினார். அவ்வுயிர்கள் அவ்வூரில் என்றும் உள்ளனவே, புதியன அல்ல. புதியது அவர் கண்ட காட்சி. மலையை அடையமாட்டாது ஓய்ந்த உடம்பினர்க்கு மலையே சமவெளிக்கு வந்தது.

நம் கடமை

இதுகாறும் கூறியவற்றால், இயற்கையோடு உறவு என்பது செருக்கு நீங்கிய சார்பே என்பது போதரும். அச்சார்பு உடையான் ஒருவன் மலையைக் கெடுத்தல் இயலாது. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரிக் காட்டோடையிற் பெருகிய திடீர் வெள்ளத்தில் அடியார் சிலர் உயிர்நீத்தனர். அதன் பின்னர் அமாவாசை, பௌர்ணமி, பிரதோடம் ஆகியவற்றை ஒட்டிய சில நாட்களில் மட்டுமே மலையேற்றத்திற்கு இசைவு அளிக்கும் முறை நெடுநாள் நிலவிற்று. வழிபாட்டிற்கு இடையூறு நேர்ந்ததென அன்பர் பலர் மனம் புழுங்கினர். அவர் வருத்தம் அன்பினால் விளைந்தது, இகழற்பாலதன்று. ஆயினும், நூற்றுக்கணக்கினர் ஏறவேண்டிய ஒற்றையடிப் பாதையிற் பல்லாயிரவர் ஏறி, ஓடையிற் பிளாஸ்டிக் பைகளையும் கழித்த ஆடைகளையும் விட்டுத் திரும்புதல் எவ்வகை வழிபாடு என்பதனை நாமே நம்மை வினாவுதல் வேண்டும். திருக்கோயிலுள் உமிழ்தலும் குப்பையிடுதலும் குற்றமாயின், மலையே திருமேனியாய தலத்தில் மலை முழுவதும் திருக்கோயிலன்றோ?

அக்காட்டின் சாம்பல்நிற அணிலை எண்ணுக. அது பெரும்பாலும் தரையில் இறங்குவதில்லை; ஒரு மரத்தின் கவடு மற்றொன்றன் கவட்டைத் தொடும்வரையிலேயே அதற்கு வழியுண்டு. இடையில் ஒரு மரம் வீழ்ந்தால் அதன் உலகம் இரண்டாய்ப் பிளக்கும். திருநீறு பூசியதுபோன்ற நிறமுடைய அவ்வுயிர், சார்பின்றி வாழ்வில்லை என்பதனை நமக்கு நாளும் கற்பிக்கின்றது.

இவ்வாராய்ச்சிக்கு இயைதலின் எம்மைப்பற்றியும் ஒன்று கூறுதல் பொறுக்கப்படுக. மடத்திற் பாடங்கேட்ட இளமைநாளில் யாம் சதுரகிரியைப் பன்முறை ஏறியதுண்டு. அறுபது கடந்த இந்நாளில் முழங்கால் இசையவில்லை. ஏறமாட்டாத முதலாண்டு பெரிதும் வருந்தினோம். இன்பம் மலைமேல் உள்ளதெனக் கருதியிருந்தமையே அவ்வருத்தத்திற்குக் காரணம். இப்பொழுது மடவார்வளாகத்துத் தெப்பக்கரையினின்று மேற்கே நோக்கி, மாலையில் மலைமுகடு கருநீலமாய் மாறுதலைக் கண்டு, திருவையாற்றுப் பதிகத்தை ஓதி மீள்கின்றோம். முன்னர் உச்சியிற் பெற்ற மகிழ்ச்சியினும் இது குறைந்ததென்று சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் முன்னர் ஏறியிராவிடின் இக்காட்சியும் எமக்கு இத்துணை விளங்கியிராது என்பதனையும் மறைத்தல் தகாது. ஆகவே கால் வலியுடைய இளைஞர் ஏறுக. ஏறும்பொழுது காட்டுக்கு உடையான் ஒருவன் உளன் என்பதனை மறவாது ஏறுக. யாதொன்றும் விட்டுவாராது, நிறைந்த நெஞ்சத்தோடு மீள்க. ஏறமாட்டாதார், காட்டும் சிவம் தம் உள்ளத்தும் உடனின்று காட்டும் என்னும் துணிவோடு நின்ற இடத்தினின்றே காண்க.

மெய்யன்பர் இதன்கண் குற்றம் களைந்து குணம் கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்